இரண்டாவது கோல்கீப்பர்

ஒக்ரோபர் 14, திங்கள்

இன்று பயிற்சி தொடங்கியது. இந்த வருடமும் கதவு திறப்பது நான்தான்.

நேற்று அம்மா கனடாவில், ஸ்காபரோவிலிருந்து போன் எடுத்தபோது, "நீ அங்க என்னதான் செய்யிறனி, ஒருக்கா வடிவாச் சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். ஐஸ் ஹொக்கியில் ஓர் அணிக்குப் பொதுவாக இரண்டு கோல்கீப்பர்கள். ஒருத்தி வலைக்கு முன்னால் நிற்பாள். மற்றவள் முழு உடுப்பும் போட்டுக்கொண்டு, ஆட்டக்காரிகள் இருக்கும் நீள வாங்கின் நுனியில் இருப்பாள். அங்கே ஐஸுக்குள் இறங்க ஒரு சின்னக் கதவு உண்டு. விளையாடுகிறவர்கள் களைத்துப்போய் உள்ளே வர, வேறு ஆட்கள் வெளியே பாய, அந்தக் கதவைத் திறந்து மூடுவது அவளுடைய வேலை. வலைக்கு முன்னால் நிற்பவள் ஜோசி. கதவுக்காரி நான். இது மூன்றாவது வருடம்.

"அப்ப வாங்கில இருந்து கதவு திறக்கத்தானோ அமெரிக்காவுக்குப் போனனி?"

"அப்பிடியில்லை அம்மா."

"பின்னை எப்பிடி?"

நான் படிப்பைப் பற்றிப் பேசினேன்.

ஜோசி என் அறைத் தோழியும்தான். நாலாம் வருடம். வெர்மொண்டில் ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். இந்தப் பருவம் முடிந்தால் அவளுக்கு ஹொக்கி முடிந்துவிடும், அதற்குப் பிறகு விளையாட இடமில்லை. நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, "உன் எழுத்தெல்லாம் சுருண்டு படுத்த பூனைகள் மாதிரி இருக்கிறது" என்றாள். இந்தக் கல்லூரியில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது வசதி.

கால் கவசங்களை வெயிலில் காய வைத்தேன். நாற்றம் போகவில்லை.

நவம்பர் 2, சனி

முதல் இரண்டு ஆட்டங்களும் வெற்றி. ஜோசி நேற்று ஒரு கோலும் விடவில்லை. கதவின் கொளுவி இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 16, சனி

வெற்றி, 3–2.

இருபது நிமிடப் பீரியட்கள் மூன்றில் இரண்டாவதில் எதிரணிக்காரி ஒருத்தி, எங்கள் ஆள் தள்ளியதில் நிலைதவறிச் சறுக்கிக்கொண்டு போய் ஜோசியோடு மோதினாள். வலை கழன்று பின்னால் போனது. ஜோசியின் பின்தலை வலையின் கம்பத்தில் அடித்தது. சத்தம் வாங்கு வரைக்கும் கேட்டது. ஹெல்மெட் என்றாலும் அது நல்ல சத்தமில்லை.

அவள் எழும்பவில்லை. அணியின் மருத்துவ உதவியாளர் ரூத் ஐஸில் இறங்கி ஓடினார். கோச் லிண்ட் என் பக்கம் திரும்பி, "தயாராகு" என்றார். ஹெல்மெட்டைப் போட்டுப் பட்டையை இறுக்கினேன். கையுறை போட்டேன். எழுந்து நின்றேன். அரங்கத்தில் எல்லாரும் அமைதி. என் மூச்சு ஹெல்மெட்டுக்குள் கேட்டது.

ஜோசி கையைத் தூக்கினாள். எழும்பினாள். ரூத்திடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் மட்டையால் பலகையில் தட்டினேன்.

பிறகு பட்டையைக் கழற்றினேன். குளிரில் விரல் சரியாக வேலை செய்யவில்லை, கொஞ்ச நேரம் எடுத்தது.

நவம்பர் 17, ஞாயிறு

ஜோசி மத்தியானம் வரைக்கும் படுத்திருந்தாள். திரையை இழுத்துவிடச் சொன்னாள். இரண்டு பேருடைய உடுப்பையும் நானே தோய்த்தேன். புள்ளியியல் வீட்டுப்பாடம் முடிந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

ரூத் நாளைக்கு ஜோசியைச் சோதிக்கப் போகிறார். தலையில் அடிபட்டவர்களுக்கு இங்கே ஒரு சோதனை உண்டு. சில சொற்களைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்பார்கள். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள்.

காலைச் சாப்பாட்டின்போது ஜோசி, "என்னைக் கேட்டுப் பார்" என்றாள். கேட்டேன். டிசம்பர், நவம்பர், ஒக்ரோபர் என்று வந்தவள் ஓகஸ்டில் நின்றுவிட்டாள். பிறகு ஜூன் என்றாள்.

"ஜூலை," என்றேன்.

"தெரியும். இன்னொரு தரம்."

நாலு தரம் சொன்னாள். நாலாவது தரம் சரி.

"தோள்பட்டைதான் நோகிறது என்று ரூத்திடம் சொல்லியிருக்கிறேன்," என்றாள். "உன்னிடம் கேட்டால் நீயும் அப்படியே சொல்லு."

"ம்," என்றேன்.

நவம்பர் 20, புதன்

ஜோசி சோதனையில் தேறிவிட்டாள். எல்லாருக்கும் நிம்மதி.

நவம்பர் 29, வெள்ளி

அமெரிக்காவில் நன்றி கூறும் விடுமுறை. ஸ்காபரோவில் இருக்கிறேன். அம்மா புட்டும் கணவாய்க் கறியும் வைத்தார். அப்பா விமான நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளாமல் என்னோடு மேசையில் இருந்தார். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, விடியப்புறப் பயிற்சிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். வேலை உடுப்போடு ஐஸ் அரங்கில் குந்தியிருந்து நித்திரையாகிவிடுவார்.

"ஜோசி எப்பிடி இருக்கிறாள்?" என்று கேட்டார். போன கோடையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து பாலப்பமாகச் சாப்பிட்டுத் தள்ளியவள்.

"நல்லா இருக்கிறாள் அப்பா."

"அந்தப் பிள்ளை இந்த வருசத்தோட முடிக்குது, என்ன?" என்றார் அம்மா. "அப்ப வாற வருசம் நீதானே?"

"ஓம்."

"இந்த வருசமே ஒண்டு ரெண்டு ஆட்டத்துக்கு உன்னை விட்டால் என்ன? அவளுக்குச் சுகமில்லாமல் கிகமில்லாமல் வந்தால்?"

"கறிக்கு உப்புக் குறைவு," என்றேன்.

அம்மா ருசித்துப் பார்த்தார். "இல்லையே," என்றார்.

டிசம்பர் 5, வியாழன்

பரீட்சை வாரம். ஜோசிக்குக் கண் களைப்பு. அவளுடைய உயிரியல் புத்தகத்தை நான் சத்தமாக வாசிக்க அவள் கண்ணை மூடிக் கேட்கிறாள். பூஞ்சணங்களைப் பற்றி இப்போது எனக்கு நிறையத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் அவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். சினிமாக்காரி என்று எல்லாரும் பகிடி பண்ணினார்கள்.

டிசம்பர் 7, சனி

தோல்வி, 1–4. அதில் மூன்று கோல் அவளுடைய இடப்பக்கத்தால் வந்தவை. அந்த மூன்றையும் நான் கதவடியிலிருந்தே கண்டேன். பக், அந்த ரப்பர் வட்டு, மட்டையில் அடிபட முன்னமே எங்கே வரும் என்று தெரிந்தது. ஜோசி அசையப் பிந்திவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

ஜோசி காலையில் சத்தியெடுத்தாள். நேற்றைய கோழி ஒத்துக்கொள்ளவில்லையாம். நானும் அதே கோழிதான் சாப்பிட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

எல்லாரும் திரும்பி வந்துவிட்டோம். விடுமுறையில் நன்றாக ஓய்வெடுத்ததாக ஜோசி சொன்னாள். முகம் தெளிவாக இருக்கிறது. நல்லது.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு நான் ஐஸில் நின்றேன். அணித் தலைவி டெஸ் எனக்குப் பக் அடித்தாள். "இந்த வருடம் நீ நல்ல வேகம்," என்றாள். நாளைக்கும் நிற்கச் சொல்லிக் கேட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஜனவரி 11, சனி

ஜோசி தண்ணீர் விடாமல் கெட்டிலைப் போட்டுவிட்டாள். அறை முழுக்க எரிந்த மணம். அவள் பக்கத்திலேயே கட்டிலில் இருந்தாள், அவளுக்கு மணக்கவில்லை. புதுக் கெட்டில் வாங்க வேண்டும்.

ஆட்டம் சமநிலை, 2–2.

ஜனவரி 15, புதன்

கோச் லிண்ட் தன் அறைக்குக் கூப்பிட்டார். இங்கிலீசில் அவர் எனக்குச் சொல்வதும் நான் அவருக்குச் சொல்வதும் ஒரே 'யூ'தான். தமிழில் எழுதும்போது நான்தான் அவருக்கு 'ங்கள்' போட வேண்டியிருக்கிறது.

"நீ அவளோடு ஒரே அறையில் இருக்கிறாய். ஜோசி சரியாக இருக்கிறாளா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"ஏதோ போல இருக்கிறது. சொல்லத் தெரியவில்லை."

அவர் மேசையில் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கான ஆட்களின் பெயர்களை எழுதிய பலகை இருந்தது. கோல்கீப்பர் என்ற இடம் மட்டும் எழுதாமல் கிடந்தது.

"சரியாகத்தான் இருக்கிறாள்," என்றேன்.

"உறுதியாகவா?"

"உறுதியாக."

அவர் அந்த இடத்தில் ஜோசியின் பெயரை எழுதினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறைக்கு வந்து ஜோசியிடம் சொன்னேன். என்னைக் கட்டிப் பிடித்தாள். "வேறு யாராவது என்றால் என்னைக் காட்டிக்கொடுத்து வலையைப் பிடித்திருப்பார்கள்," என்றாள்.

அதுதான் விஷயம். அவள் சரியில்லையென்று சொன்னால் வெள்ளிக்கிழமை விளையாடுவது நான். அதனால் சொல்ல முடியாது. வேறு யாராவது சொல்லலாம். ரூத் கண்டுபிடிக்கலாம். அது அவருடைய தொழில்.

ஜனவரி 25, சனி

வெற்றி, 4–3. எதிரணி அடித்த இரண்டு பக் கம்பத்தில் பட்டுத் திரும்பின. இல்லாவிட்டால் தோல்வி.

ஒரு காலுறையைக் காணவில்லை என்று ஜோசி அழுதாள். நீண்ட நேரம் அழுதாள். காலுறை அவளுடைய கையில் இருந்தது.

பெப்ரவரி 1, சனி

வெளியூர் ஆட்டம், வெற்றி. பஸ்ஸில் ஜோசி என் தோளில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பாதி வழியில் கண் திறந்து வெளியே பார்த்தாள்.

"நாம் போகிறோமா, வருகிறோமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வருகிறோம். வென்றுவிட்டோம்."

"ஆ. ஆமாம்," என்று சொல்லி மறுபடி கண்ணை மூடினாள்.

மற்றவர்கள் பின்னால் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பெப்ரவரி 2, ஞாயிறு

அப்பாவுக்கு எடுத்தேன். ஒரு ஆளைப் பற்றி ஒரு விஷயம் தெரியும், அதைச் சொன்னால் எங்களுக்குத்தான் லாபம், அப்படியென்றால் சொல்லலாமா என்று கேட்டேன்.

"ஆரைப் பற்றிக் கதைக்கிறாய்?"

"சும்மா, ஒரு வகுப்புக்கு."

அப்பா யோசித்தார். பின்னால் தொலைக்காட்சி ஓடியது. "விளங்கேல்லை பிள்ளை," என்றார். "அம்மாட்டக் குடுக்கட்டோ?"

அம்மா கணவாய் மலிவாக வந்திருப்பதாகச் சொன்னார்.

பெப்ரவரி 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சொந்த அரங்கம். இதில் வென்றால் பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போகலாம். இரண்டாவது பீரியட் முடிய 2–1, நாங்கள் முன்னால். ஜோசியின் அம்மா லோரி வெர்மொண்டிலிருந்து வந்திருந்தார். எல்லாச் சொந்த ஆட்டத்துக்கும் வருவார், மாட்டு மணி ஒன்றைக் கொண்டுவந்து ஆட்டுவார்.

ஒவ்வொரு பீரியட்டுக்கும் அணிகள் பக்கம் மாற வேண்டும். மூன்றாவது பீரியட்டுக்கு இறங்கியபோது ஜோசி பழைய பக்கத்துக்கே போனாள். இப்போது எதிரணியின் வலை அது. அங்கே போய் நின்று, எப்போதும் செய்வதுபோல் ஐஸைக் காலால் தேய்த்துக் கரடாக்கத் தொடங்கினாள். எதிரணியின் கோல்கீப்பர் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஜோசி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

அரங்கம் முழுக்கச் சிரித்தது. ஜோசி ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு கையை விரித்துக் குனிந்து வணக்கம் போட்டாள், வேண்டுமென்று செய்த பகிடிபோல. இன்னும் சிரித்தார்கள். டெஸ்ஸும் சிரித்தாள். கோச்சும் சிரித்தார். லோரியின் மணி அடித்தது.

அவள் எங்கள் பக்க வலைக்குப் போகும் வழியில் வாங்கைக் கடந்து போனாள். ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் அவளுடைய கண்களைக் கண்டேன்.

ரூத் எனக்குப் பின்னால் நின்றார். நான் எழுந்து திரும்பினேன்.

"ரூத், அது பகிடி இல்லை. அவளுக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை."

"என்ன?"

"நவம்பரிலிருந்து. கம்பத்தில் அடிபட்ட நாளிலிருந்து. உங்களுடைய சோதனைக்கு நான்தான் பழக்கிவிட்டேன்."

ரூத் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு நடுவரை நோக்கிக் கையை உயர்த்தினார். ஆட்டத்தைத் தொடங்க நடுவர் இன்னும் பக்கைப் போடவில்லை. ஜோசியைக் கூப்பிட்டார்கள். அவள் வாங்கடிக்கு வந்தாள். ரூத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இப்போது எத்தனையாவது பீரியட்?"

"இரண்டு."

"போன கிழமை யாரோடு விளையாடினோம்?"

ஜோசி டெஸ்ஸைப் பார்த்தாள். பிறகு கோச்சைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் முன்பு சொல்லிக் கொடுத்ததுபோல் இப்போதும் சொல்வேன் என்று நினைத்தாளோ தெரியாது.

"முடிந்தது, ஜோசி," என்றார் ரூத். "வெளியே வா."

ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவளுடைய முடி முழுக்க நனைந்திருந்தது. நான் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன். கதவில் இரண்டு பேரும் சந்தித்தோம். அவளுக்கு நான் கதவைத் திறந்து பிடித்தேன்.

"மூன்று வருடம் காத்திருந்தாய்," என்றாள். "இன்னும் இருபது நிமிடம் பொறுக்க முடியவில்லையா?"

சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். டெஸ்ஸுக்கும் கேட்டது.

உடம்பு சூடேறாமல் இறங்கினேன். முதலாவது பக் என் காலுக்கடியால் போனது. 2–2. அதற்குப் பிறகு ஒன்றையும் விடவில்லை. கடைசியில் டெஸ் ஒரு கோல் போட்டாள். வென்றோம். எல்லாரும் வந்து என் மேல் விழுந்தார்கள், ஆனால் வழக்கம்போல் கத்தவில்லை. மேலே பார்த்தேன். லோரியின் இருக்கை வெறுமையாக இருந்தது.

எனக்கு அந்த இருபது நிமிடமும் பிடித்திருந்தது. அதையும் எழுத வேண்டும். முதலாவது பக்குக்குப் பிறகு, எல்லாம் பிடித்திருந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஜோசி ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்கு வரவில்லை. லோரி மட்டும் வந்தார், பெட்டியை அடுக்க. நான் உதவிக்குப் போனேன். உடுப்புகளை மடித்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார்.

இனி அவள் விளையாட முடியாதாம். படிப்பும் இந்தத் தவணைக்கு இல்லை. வெளிச்சம், போன் திரை, சத்தம், ஒன்றும் கூடாதாம். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். டாக்டர்மாருக்குத் தெரியாது என்றார்.

"சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன்," என்றார். பிறகு ஜோசியின் கட்டிலைப் பார்த்தார், என்னுடைய கட்டிலைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசைதான்.

"இதற்குள்தான் இருந்தீர்கள், இரண்டு பேரும். நவம்பரிலிருந்து."

"ஆமாம்."

"எப்படி முடிந்தது உனக்கு?"

நான் மடித்துக்கொண்டிருந்த மேற்சட்டையை அவர் என் கையிலிருந்து வாங்கி, மடிக்காமலே பெட்டிக்குள் போட்டார்.

பெப்ரவரி 10, திங்கள்

கோச் கூப்பிட்டார்.

"நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?"

மேசையில் இருந்த பலகையைப் பார்த்தேன்.

அவர் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். "நானும் உன்னிடம் மட்டும் கேட்டிருக்கக்கூடாது," என்றார். "வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். நீ சரி என்று சொன்னது எனக்கு வசதியாக இருந்தது."

பிறகு, சனிக்கிழமை விளையாடுவது நான் என்றார்.

பெப்ரவரி 12, புதன்

உடைமாற்றும் அறையில் டெஸ் வந்து பக்கத்தில் இருந்தாள். "யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை," என்றாள். அப்போதுதான் எல்லாரும் சொல்கிறார்கள் என்று தெரிந்தது.

"என்ன சொல்கிறார்கள்?"

"சிலர், நீ முந்தியே சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். சிலர், சொல்லியே இருக்கக்கூடாது என்கிறார்கள்."

"நீ?"

"எனக்கும்தான் அவள் இடப்பக்கம் பிந்துவது தெரிந்தது," என்றாள். "நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்." சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பெப்ரவரி 15, சனி

தொடக்கத்திலிருந்து விளையாடினேன். வெற்றி, 3–1. அணியில் இப்போது வேறு கோல்கீப்பர் இல்லை. கதவை ரூத் திறக்கிறார்.

பெப்ரவரி 17, திங்கள்

ஜோசிக்குப் போனில் எழுதினேன். அழித்தேன். அவள் திரை பார்க்கக்கூடாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவளுடைய கட்டில் வெறும் மெத்தையோடு கிடக்கிறது. என் கவசங்களை அதன் மேல் காயப் போடலாம். போடவில்லை.

பெப்ரவரி 22, சனி

காலிறுதி வெற்றி, 2–0. ஒரு கோலும் விடவில்லை. இந்த முறை கத்தினார்கள்.

அம்மாவும் அப்பாவும் அடுத்த ஆட்டத்துக்கு வருகிறார்களாம். அப்பா லீவு எடுத்துவிட்டார்.

மார்ச் 1, சனி

அரையிறுதி. தோல்வி, 1–2, மேலதிக நேரத்தில்.

கடைசிப் பக்கை நான் காணவே இல்லை. முன்னால் மூன்று பேர் நின்றார்கள். பின்னால் வலை அசைந்த சத்தம் கேட்டது. எதிரணிக்காரிகள் கையுறைகளை ஆகாயத்தில் எறிந்தார்கள். எங்களுடைய நாலாம் வருடக்காரிகள் ஐஸில் முழங்காலில் இருந்து அழுதார்கள். அவர்களுக்கு இதுதான் கடைசி. ஜோசிக்குக் கடைசி ஆட்டம் எது என்று அவளுக்கே நினைவிருக்குமோ தெரியாது.

குளித்துவிட்டு வெளியே வந்தேன். அம்மா கம்பளிச் சால்வையால் தலையைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அந்தக் கறுப்புச் சாமானை நான் ஒருக்காலும் காணேல்லை," என்றார். "நீ விழுந்து விழுந்து எழும்பினதுதான் கண்டனான். எங்கயும் நோகுதோ?"

"இல்லை அம்மா."

"தலையில கிலையில படேல்லையே?"

"இல்லை."

"பட்டால் சொல்லுவாய்தானே?"

அம்மாவிடம் ஜோசியின் விஷயத்தைப் பாதிதான் சொல்லியிருந்தேன். அவளுக்குத் தலையில் அடி, அதனால் நான் விளையாடுகிறேன், அவ்வளவுதான். இப்போது வாகனத் தரிப்பிடத்தில் வைத்து மிச்சத்தையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். நன்றிகூறும் விடுமுறையில் மேசையிலிருந்து தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், சால்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

அப்பா காரின் கதவைத் திறந்து, "குளிருது, ஏறுங்கோ" என்றார். பின்பு என்னிடம், "அண்டைக்குப் போனில கேட்டது இதுதானோ?" என்றார்.

"ஓம்."

"நான் வடிவாக் கேட்டிருக்கலாம்," என்றார்.

மார்ச் 6, வியாழன்

உடைமாற்றும் அறையைத் துப்புரவாக்கினோம். புள்ளியியல் பரீட்சை. தலைமுடி வெட்டினேன்.

மாலையில் லோரி எடுத்தார். "உன்னை வரச் சொல்கிறாள்," என்றார். "நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்."

மார்ச் 15, சனி

பஸ்ஸில் போனேன். லோரி தரிப்பிடத்தில் காத்திருந்தார். வண்டியில் அதிகம் பேசவில்லை. வீடு நெருங்கியதும், "இன்றைக்குப் பரவாயில்லை. குரலைக் குறைத்துப் பேசு. களைத்தால் அவளே சொல்வாள்" என்றார். என் பையைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

ஜோசியின் அறை ஜன்னலில் போர்வை ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கட்டில் தெரிந்தது, அவளும் தெரிந்தாள். மெலிந்திருந்தாள். கம்பளித் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள்.

"அரையிறுதியைச் சொல்," என்றாள். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கோல் எத்தனை என்று மட்டும் சொல்கிறார். தொடக்கத்திலிருந்து சொல்."

கதவடியில் நின்றபடியே தொடங்கினேன். முதலாவது பக் எங்கிருந்து வந்தது, நான் எங்கே நின்றேன், எந்தக் காலால் தள்ளினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இடையிடையே மறித்தாள்.

"எவ்வளவு முன்னால் நின்றாய்?"

"கோட்டுக்கு வெளியே, ஒரு அடி இருக்கும்."

"இன்னும் போயிருக்கலாம். அதை அடித்தவள் எப்போதும் உயர அடிப்பவள்."

"அது எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். நாலு வருடம் அவளோடு விளையாடினேன்."

முதல் பீரியட் முடிந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. களைத்துவிட்டாளாக்கும் என்று நினைத்தேன். கீழே லோரி ஏதோ பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பார்த்து, சத்தம் வந்துவிட்டது. ஜோசியின் முகம் சுருங்கி விரிந்தது.

"ஒன்று கேட்க வேண்டும்," என்றாள்.

"கேள்."

"அன்றைக்கு ரூத்திடம் சொன்னாயே. எனக்காகவா, வலைக்காகவா?"

பஸ்ஸில் இதற்குப் பதில் யோசித்துக்கொண்டுதான் போனேன். நிறையப் பதில் இருந்தது. அவள் இருட்டில் தொப்பியோடு படுத்திருப்பதைக் கண்டபோது எல்லாமே யாரோ எழுதித் தந்தவை மாதிரி இருந்தன.

"தெரியாது, ஜோசி," என்றேன். "அன்றைக்கும் தெரியாது. இப்போதும் தெரியாது."

அவள் தொப்பியைக் கண்ணுக்கு மேலே தள்ளி என்னைப் பார்த்தாள்.

"எனக்காக என்று சொல்லியிருந்தால்," என்றாள், "அம்மாவைக் கூப்பிட்டு உன்னைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லியிருப்பேன்."

நான் நின்றேன்.

அவள் போர்வைக்குள் கால்களை மெதுவாக மடக்கி, கட்டிலில் ஓர் ஓரத்தை விட்டாள்.

"இதில் இரு," என்றாள். "இரண்டாவது பீரியட்."